வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம்

மதுரை கோச்சடையில் நான் வேலை பார்த்த மிஷன் நர்சரிப் பள்ளியில் மணல் தொட்டியை மூடிவிட்டு ரப்பர் தரை போடலாமா என்று யோசிக்கிறார்களாம். இப்போது அங்கே இருக்கும் டீச்சர் வீடு தேடி வந்து சொன்னார். "பேச்சியம்மா, மணல்ல புள்ளைக என்னதான் படிக்கும்னு கமிட்டில கேக்குறாங்க. ஆண்டு மலருக்கு நீங்க ஏதாச்சும் எழுதிக் குடுங்களேன்" என்றார்.

எனக்குக் கையெழுத்துப் போட வரும். பஸ்ஸில் ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அதற்குள் பஸ் போய்விடும் என்பது வேறு விஷயம். அதனால் நான் சொல்லச் சொல்ல அந்த டீச்சரே எழுதினார். என் பேச்சைப் புத்தகத் தமிழாக மாற்றிக்கொள்ளுங்கள், மற்றவர்கள் பேசினதை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள் என்று சொன்னேன். அவர்கள் பேச்சை மாற்ற எனக்கும் உரிமையில்லை, அவருக்கும் உரிமையில்லை.

நான் அந்தப் பள்ளியில் ஆயா. கூட்டினேன், கழுவினேன், மூக்கைத் துடைத்துவிட்டேன், சோறு ஊட்டினேன். அந்த வேலையை இளப்பமாகப் பேசினவர்கள் உண்டு. பேசட்டும். என் கை படாத மணலில் அங்கே ஒரு பிள்ளையும் விளையாடினதில்லை. அந்தப் பெருமை எனக்குப் போதும்.

வேலையில் சேரும்போது எனக்கு ஒன்றும் தெரியாது. வயல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கொஞ்ச நாள் டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே பாட்டும் கைதட்டலும் சொல்லிக் கொடுத்தார்கள், சோறு நன்றாக இருந்தது. என் உண்மையான பயிற்சி பெரிய டீச்சரிடம்தான் நடந்தது.

பெரிய டீச்சர் என்று நாங்கள் சொன்னது எஸ்தர் டீச்சரை. மிஷன் பள்ளிகளிலேயே படித்து, அங்கேயே வேலை பார்த்த குடும்பம். வெளுத்த காட்டன் சேலை, மூக்குக் கண்ணாடி. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைக்க ஆரம்பித்தால் நாங்கள் எல்லாரும் அடங்கிவிடுவோம். ஒருநாளும் சத்தம் போட்டதில்லை.

அவர் எனக்குக் கொடுத்த முதல் வேலை மணல். காலையில் பிள்ளைகள் வருமுன் மணலைச் சல்லடையில் சலிக்க வேண்டும். பூனை அசிங்கம் செய்திருக்கும், கண்ணாடிச் சில்லு கிடக்கும். சலித்த பிறகு தண்ணீர் தெளிக்க வேண்டும். அதுவும் அளவாக. பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரித்தால் உதிர வேண்டும். புட்டுக்கு மாவு பிசிறுவது போல. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் டீச்சர் மணியடிக்கச் சொல்வார்.

அப்புறம் தண்ணீர்த் தொட்டி. அதில் பெரிய டம்ளர், சின்ன டம்ளர், ஒரு புனல், ஓட்டை போட்ட கொட்டாங்குச்சி. கட்டைகள் ஒரு பக்கம். பொம்மை வீடு ஒரு பக்கம். தானியத் தட்டு ஒரு பக்கம்: பாசிப்பயறு, தட்டாம்பயறு, மொச்சை எல்லாம் கலந்து வைத்திருப்போம். பிள்ளைகள் பொறுக்கிப் பொறுக்கித் தனித்தனியாகச் சேர்ப்பார்கள். நாளைக்கு எழுதப் போகும் விரல்களுக்கு இதுதான் பழக்கம் என்பார் டீச்சர்.

பெரியவர்களுக்கு இரண்டு சட்டம் வைத்திருந்தார். பிள்ளை விளையாடும் இடத்துக்குள் நின்றுகொண்டு போகக் கூடாது, உட்கார்ந்துதான் போக வேண்டும். "என்ன செய்யிறே?" என்று கேட்கக் கூடாது. "கேட்டா நமக்காக ஒரு பதிலை இட்டுக்கட்டிச் சொல்லும் பேச்சி. கேக்காம இருந்தா, நெசத்தச் செஞ்சு காட்டும்" என்றார். எனக்கு வாயைக் கட்டுவதுதான் பெரிய பாடாக இருந்தது.

பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். விளாங்குடியிலிருந்து ஒருவர் மகனை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவார். ஒருநாள் வாசலில் நின்று பிடித்துக்கொண்டார்.

"ஏன் டீச்சர், ஏ பி சி டி எழுத அனுப்புனா, எம்புட்டு நாளா எம் மகன் தண்ணி ஊத்திக்கிட்டே இருப்பான்? நான் என்ன அவனுக்கு டீக்கடையா வச்சுக் குடுக்கப் போறேன்?"

டீச்சர் அவரைத் தொட்டி ஓரத்தில் உட்கார வைத்தார். பையன் பெரிய டம்ளர் தண்ணீரைச் சின்ன டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தான். வழிந்தது. திரும்ப ஊற்றினான். வழிந்தது. அப்பாவை நிமிர்ந்து பார்த்து, "அப்பா, அம்புட்டும் இதுக்குள்ள போகமாட்டேங்குது! ஆனா இதுல இருக்கிறது அதுக்குள்ள போயிருது!" என்றான். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவன் போல அவ்வளவு மூச்சு வாங்கியது அவனுக்கு.

"இன்னிக்குப் பாடம் அதான் சார். அவனே நடத்திட்டான்" என்றார் டீச்சர். பையனின் அப்பா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் வீட்டிலிருந்து ஒரு பழைய புனல் கொண்டுவந்து கொடுத்தார்.

இப்படி நிறையச் சொல்லலாம். ஆனால் மணல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது அழகுமீனாவின் கதையைத்தான்.

அழகுமீனா நாலு வயதுப் பிள்ளை. பக்கத்தில் வயல் வைத்துப் பிழைக்கும் குடும்பம். அவள் அப்பா பம்புசெட்டில் கரண்ட் அடித்துச் செத்துப்போனார். சின்ன வயது. கேதம் எல்லாம் முடிந்து அவள் அம்மா பஞ்சவர்ணம் பிள்ளையைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்பினாள். வந்த பிள்ளை பேசவில்லை. சோற்றை வாயில் வைத்தால் அப்படியே அதக்கிக்கொண்டிருக்கும். அழவும் இல்லை.

சில நாள் கழித்து விளையாட ஆரம்பித்தது. அப்பாடா என்று நினைத்தேன். என்ன விளையாட்டு என்று பார்த்தபோதுதான் பகீரென்றது. துணிப்பொம்மையை நீளக் கட்டைமேல் படுக்க வைத்தாள். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினாள். ஒரு துண்டின் நாலு முனையையும் நாலு பிள்ளைகளிடம் பிடிக்கச் சொல்லி, அதன் கீழே டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். அது நீர்மாலை. எங்கள் பக்கம் பிணத்தைக் குளிப்பாட்டத் துணிப் பந்தலுக்குக் கீழே தண்ணீர் எடுத்து வரும் சடங்கு. ஒன்றையும் விடவில்லை பிள்ளை. அப்புறம் பெண்பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து மாரடிக்கச் சொன்னாள். பையன்களைச் சங்கு ஊதச் சொன்னாள். முற்றத்து வேப்பமரம் வரை தூக்கிக்கொண்டு போவார்கள். அங்கே நின்றுவிடுவாள். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பார்ப்பாள். பிறகு பொம்மையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

தினமும் இதே விளையாட்டு. மற்ற பிள்ளைகளுக்கோ கொண்டாட்டம். சங்கு ஊதக் கிடைத்தால் எந்தப் பையன் விடுவான்?

ஒருநாள் ஒரு பையனின் அம்மா கொதித்துப்போய் வந்தாள். "ஆயாம்மா, எங்க மாமியா மத்தியானம் செத்த நேரம் கண்ணசந்து படுத்திருக்காக. எம் மகன் தெருப்புள்ளைகளக் கூட்டியாந்து, கால் பெருவெரல ரிப்பனால கட்டிப்புட்டு, சுத்தி உக்காந்து 'எங்கள விட்டுட்டுப் போயிட்டியே அப்பத்தா'ன்னு மாரடிக்கிறான்! அவுக முழிச்சுப் பாத்துட்டு, 'நான் எப்படா போனேன்'னு அலறிட்டாக. இதையா சொல்லிக் குடுக்குறீக?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளுக்கும் பாதிச் சண்டையில் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் எல்லாரும் சிரிக்கவில்லை. அபசகுனம் என்றார்கள். அந்தப் பிள்ளையோடு எங்கள் பிள்ளையைச் சேர்க்காதீர்கள் என்றார்கள். இரண்டு மூன்று பேர் பிள்ளைகளை நிறுத்தினார்கள். பள்ளிக் கமிட்டியின் செயலாளர் டீச்சரைக் கூப்பிட்டுவிட்டு, வரும் திங்கட்கிழமைக்குள் விளையாட்டு நிற்க வேண்டும், இல்லையென்றால் பிள்ளையைக் கொஞ்ச காலம் வீட்டில் வைத்திருக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் வைத்திருந்தால் அந்தப் பிள்ளை என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், டீச்சருக்கும் தெரியும். வாயில் அதக்கின சோறு அப்படியே இருந்துவிடும்.

"பொம்மையை எடுத்து ஒளிச்சு வச்சுருவமா டீச்சர்?" என்று கேட்டேன்.

டீச்சர் கண்ணாடியைத் துடைத்தார். "பொம்மைய ஒளிக்கலாம். சாவை எங்க பேச்சி ஒளிக்கிறது?" என்றார். அப்புறம் கேட்டார்: "அவ ஏன் எப்பவும் வேப்பமரத்துக்கிட்டயே நின்னுர்றா?"

"அது தெருமுக்கு டீச்சர். அதுக்கு மேல பொம்பளைக போகமாட்டாக."

"எங்க?"

"சுடுகாட்டுக்கு. நாங்க முக்கோட நின்னுருவோம். வந்து வீட்டக் கழுவிவிட்டுக் குளிக்கணும்."

டீச்சர் என்னையே பார்த்தார். அவர்கள் வேதக்காரர்கள். கல்லறைத் தோட்டத்துக்குப் பெண்களும் போவார்கள், குழியில் ஒரு பிடி மண் போடுவார்கள். டீச்சரின் அப்பாவுக்கு டீச்சரே மண் போட்டிருக்கிறார். அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நாங்கள் நிற்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். அத்தனை வருஷம் ஒன்றாக வேலை பார்த்திருக்கிறோம்.

"நீ உங்க அப்பாவுக்குப் போகலையா?"

"எங்க அய்யாவுக்கும் போகல, ஆத்தாவுக்கும் போகல."

"அப்ப அங்க என்ன நடக்கும்னு உனக்குத் தெரியாது?"

"ஆம்பளைக வந்து குளிச்சிட்டுச் சாப்பிடுவாக. கேக்க மாட்டோம், சொல்லவும் மாட்டாக."

டீச்சர் முற்றத்து வேப்பமரத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அவளுக்கு அந்தக் கதையில பாதிதான் தெரியுது. மீதி தெரியாமத்தான் திரும்பத் திரும்ப முதல்லருந்து வர்றா."

மறுநாள் பஞ்சவர்ணத்தை வரச் சொல்லிப் பாயில் உட்கார வைத்தார். பிள்ளையிடம் என்ன சொல்லியிருக்கிறாய் என்று கேட்டார். "அப்பா வயலுக்குப் போயிருக்காக, வந்துருவாகன்னு சொன்னேன் டீச்சர். பச்சப்புள்ளகிட்ட வேற என்னத்தச் சொல்ல?" என்றாள். டீச்சர், உள்ளதை அவளுக்குச் சொல்ல வேண்டும் என்றார். பஞ்சவர்ணம் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அப்புறம், "எனக்கே யாரும் சொல்லல டீச்சர்" என்றாள்.



சுடுகாட்டுக்கு யார் போனது, யார் கொள்ளிக்குடம் உடைத்தது என்று டீச்சர் கேட்டார். ஆண் பிள்ளை இல்லாததால் செத்தவரின் தம்பி சோலைராசு செய்திருந்தார். அவரை அழைத்துவரச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை சோலைராசு வந்தார். ஆறடி ஆள். மீசை. மொட்டை அடித்த தலையில் முடி இப்போதுதான் முள் முள்ளாக வளர்ந்திருந்தது. டிவிஎஸ்ஸை வாசலில் நிறுத்திவிட்டு, ஏதோ ஃபீஸ் கட்டச் சொல்லப் போகிறார்கள் என்று நினைத்து, சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டே வந்தார்.

"தம்பி, நீங்க மீனாகூட விளையாடணும்" என்றார் டீச்சர்.

"நானா? வெளையாடவா?" அவர் என்னைப் பார்த்தார். "என்னக்கா, டீச்சர் வெளையாட்டுக்குச் சொல்றாகளா?"

"வெளையாட்டுக்குத்தான் சொல்றாக. செருப்பக் கழட்டிட்டு வாங்க தம்பி" என்றேன்.

டீச்சர் அவரைத் தனியாக அழைத்துப் போய் விவரம் சொன்னார். அவர் முகம் மாறிவிட்டது. மாட்டேன் என்று கிளம்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் ராத்திரி தூக்கமில்ல டீச்சர்" என்று மட்டும் சொன்னார். சட்டப்படி உட்கார்ந்தே நகர்ந்து பொம்மை வீட்டுக்குள் வந்தார். மேசைகூட அவர் முழங்கால் உயரம் இல்லை.

அழகுமீனா அவரைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை. காத்துக்கொண்டிருந்தவள் மாதிரி, "சித்தப்பா, நீ ஆம்பள. நீ தூக்கு" என்றாள்.

அவர் கட்டையைப் பொம்மையோடு தூக்கினார். பிள்ளைகள் சங்கு ஊதினார்கள். வேப்பமரம் வந்தது. அழகுமீனா நின்றுவிட்டாள். அவர் இரண்டு எட்டு அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தார்.

"வாத்தா."

"பொம்பளைக வரக் கூடாதுல்ல?"

அவர் டீச்சரைப் பார்த்தார். தாழ்வாரத்தில் பஞ்சவர்ணம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சோலைராசு குனிந்து பிள்ளையின் முகத்துக்கு நேராக வந்தார்.

"வெளையாட்டுல வரலாம்த்தா" என்றார்.

அழகுமீனா ஒரு காலை எடுத்து வைத்தாள். அப்புறம் மறுகாலையும் வைத்தாள். அவள் பின்னால் மற்ற பெண்பிள்ளைகள் எல்லாம் தபதபவென்று ஓடினார்கள். பஞ்சவர்ணம் எப்போது தாழ்வாரத்தைவிட்டு இறங்கினாள் என்று நான் பார்க்கவில்லை. பார்த்தபோது என் பக்கத்தில் நின்றாள். நானும் கையில் சல்லடையோடு மரத்துக்கு அந்தப் பக்கம்தான் நின்றேன்.

அங்கே இருந்த மணல் தொட்டியின் கடைசி மூலையில் அவர் கையால் குழி தோண்டினார். எங்களைப் போல அவர்கள் வகையறாவிலும் புதைப்பதுதான் வழக்கம். ஈர மணல், சரியாமல் நின்றது. ஒவ்வொன்றாகச் செய்தார், செய்துகொண்டே சொன்னார். "இங்கதான் எறக்கி வைப்போம். தலை இந்தப் பக்கம். இப்ப நான் தண்ணிக்குடத்தத் தோள்ல வச்சு மூணு சுத்துச் சுத்தி வருவேன்." கொட்டாங்குச்சியில் தண்ணீர் எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு சுற்றினார். ஓட்டை வழியாகத் தண்ணீர் அவர் சட்டையெல்லாம் வழிந்தது. "திரும்பிப் பாக்காமப் பின்னால போட்டு ஒடைப்பேன்."

"அப்புறம்?" என்றாள் பிள்ளை.

"எல்லாரும் ஆளுக்கு ஒரு கை மண்ணு போடுவாக."

அவள் ஒரு கை அள்ளினாள். போடாமல் வைத்துக்கொண்டே கேட்டாள்: "அப்பாவுக்கு மூச்சு முட்டாதா?"

"மூச்சு நின்ன பெறகுதான்த்தா கொண்டு போறது. வலிக்காது. பசிக்காது."

"எந்திரிச்சு வருவாகளா?"

அந்த மனுஷன் பிள்ளையின் தலையில் கையை வைத்தார். "வர மாட்டாகத்தா" என்றார்.

அழகுமீனா கையைத் திறந்தாள். மண் விழுந்தது. அப்போதுதான் அழுதாள். எத்தனை நாளாகத் தேங்கியிருந்ததோ, அப்படி ஓர் அழுகை. சித்தப்பாவின் ஈரச் சட்டைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். பஞ்சவர்ணமும் ஒரு கை மண் அள்ளிப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகள் பயப்படவில்லை. ஒரு பையன் வந்து சோலைராசுவின் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

அழுது முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அப்புறம்?" என்றாள்.

"மறுநாள் காடாத்து. பாலு ஊத்தி, நவதானியம் தூவிட்டு வருவோம்."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் ஓடிப்போய்த் தானியத் தட்டையும் ஒரு டம்ளர் பாலையும் கொண்டுவந்தேன். அவளே பாலை ஊற்றிப் பயறைத் தூவினாள். அன்று மத்தியானம் அவளுக்குச் சோறு ஊட்டினேன். மென்று விழுங்கினாள்.

"நாளைக்கு அந்த மூலையை மட்டும் சலிக்காத பேச்சி. தண்ணி மட்டும் தெளி" என்றார் டீச்சர். சனி, ஞாயிறும் போய்த் தெளித்தேன்.

திங்கட்கிழமை காலை அழகுமீனா போட்ட கூச்சலில் பள்ளிக்கூடமே திரண்டுவிட்டது. "மொளச்சிருச்சு! ஆயாம்மா, மொளச்சிருச்சு!" பாசிப்பயறு மணலைத் தள்ளிக்கொண்டு தலையைத் தூக்கியிருந்தது. மதுரைப் பிள்ளைகளுக்கு முளைத்த பயறைக் கண்டால் வேறென்ன தோன்றும்? கொட்டாங்குச்சியில் மணலோடு தோண்டி எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு அம்மன் திருவிழா மாதிரி முளைப்பாரி கிளம்பிவிட்டார்கள். சங்கு ஊதின பையன்கள் எல்லாம் கொட்டு அடித்தார்கள். நடுவில் வைத்துக் கும்மி. கும்மிக்கு முன்னால் நின்று அடி எடுத்துக் கொடுத்தவள் அழகுமீனா.

செயலாளர் அந்த நேரம் பார்த்து வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். "என்ன டீச்சர் இது, மிஷன் பள்ளிக்கூடத்துல முளைப்பாரியா?"

"போன வாரம் சாவு கூடாதுன்னீங்க. இந்த வாரம் திருவிழா நடக்குது. அடுத்த வாரம் என்னன்னு பிள்ளைகளைத்தான் கேக்கணும் ஐயா" என்றார் டீச்சர். கண்ணாடியைத் துடைக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார். செயலாளர் நல்ல மனுஷர். செருப்பைக் கழற்றிவிட்டு, உட்கார்ந்துதான் உள்ளே வந்தார். அழகுமீனாவை வீட்டுக்கு அனுப்புகிற பேச்சு அதோடு நின்றது. நிறுத்தின பிள்ளைகளும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தார்கள். அந்தச் சாவு விளையாட்டை அவள் மறுபடி விளையாடவே இல்லை.

எஸ்தர் டீச்சர் இப்போது இல்லை. அவர் அடக்கத்துக்கு நான் கல்லறைத் தோட்டம் வரை போனேன். என்னை யாரும் தடுக்கவில்லை. ஒரு பிடி மண் போட்டேன். என் கைக்கு மணல் பதம் பார்க்கச் சொல்லிக் கொடுத்த மகராசிக்கு அதுதான் என்னால் செய்ய முடிந்தது.

அதற்கப்புறம் என் வீட்டுக்காரரும் போய்விட்டார். எங்கள் வழக்கப்படி நான் தெருமுக்கோடு நின்றேன். ஊருக்குக் கட்டுப்பட்டவள் நான். சங்குச் சத்தம் தேய்ந்து போயிற்று. கூட நின்ற பெண்கள், வா அக்கா, குளிக்கணும் என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். எனக்குத் தெரிந்தது. இப்போது இறக்கி வைப்பார்கள், இப்போது என் மகன் குடத்தைத் தோளில் வைப்பான், தண்ணீர் வழியும், மூன்றாம் சுற்று, இப்போது ஆளுக்கு ஒரு கை மண். எல்லாம் முடியும்வரை அங்கேயே நின்று, கூடவே இருந்துவிட்டுத்தான் திரும்பினேன். அந்த முக்கில் என் ஆத்தா நின்றாள், அவள் ஆத்தா நின்றாள். அவர்களுக்கு இது வாய்க்கவில்லை. எனக்கு வாய்த்தது. ஒரு நாலு வயதுப் பிள்ளையின் விளையாட்டில் கூட நின்றதால் வாய்த்தது.

மறுநாள் காடாத்துக்கு என் மகன் கிளம்பும்போது, பாசிப்பயறையும் தட்டாம்பயறையும் நானே பொறுக்கிக் கொடுத்தேன்.

"தூவிட்டு, ஈரம் இருக்கான்னு கையால தொட்டுப் பாருய்யா" என்றேன். "புடிச்சா நிக்கணும், விரிச்சா உதிரணும்."